செம்பாறைப் பள்ளத்தாக்குகளுக்குக் குடும்பத்தோடு: வேகஸிலிருந்தா, மோவாபிலா, ஃபீனிக்ஸிலிருந்தா?

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, எல்லோருமாக ஒரே வண்டியில் கிராண்ட் கேன்யன் பக்கம் போய்வந்தால் என்ன என்ற பேச்சு அமெரிக்காவில் இருக்கும் தமிழ் வீடுகளில் வருடா வருடம் எழுவதுதான். ஏற்கெனவே போய்வந்த யாராவது உடனே தங்கள் பயணத் திட்டத்தை அனுப்பிவைப்பார்கள். பெரும்பாலும் அது லாஸ் வேகஸில் தொடங்கி லாஸ் வேகஸில் முடியும். ஐந்து நாளில் ஏழு இடம். எழுபது வயது முழங்கால் எங்கே ஓய்வெடுக்கும், ஆறு வயதுக் குழந்தை எப்போது தூங்கும் என்பதற்கு மட்டும் அதில் இடம் இருக்காது.

யூட்டாவின் தெற்கும் அரிசோனாவின் வடக்கும் சேர்ந்த இந்தச் செம்பாறை நாடு வரைபடத்தில் பார்ப்பதைவிடப் பெரியது. கிராண்ட் கேன்யனின் வடக்கு விளிம்பும் தெற்கு விளிம்பும் நேர்க்கோட்டில் பத்து மைல்தான். சாலையில் சுற்றிப் போனால் 215 மைல், ஐந்து மணி நேரம். அந்தப் பள்ளத்தாக்கு ஒன்றின் நீளமே கொலராடோ ஆற்றின் போக்கில் 277 மைல். இப்படிப்பட்ட இடத்தில் எத்தனை பூங்கா பார்த்தோம் என்று கணக்குப் போட்டால் காரின் கண்ணாடி வழியாகத்தான் எல்லாவற்றையும் பார்க்க வேண்டிவரும். அதனால் இந்த ஒப்பீட்டில் நான் இடங்களை எண்ணவில்லை, இரவுகளை எண்ணுகிறேன். ஹோட்டல் மாறும் ஒவ்வொரு நாளும் குடும்பத்துக்கு அரை நாள் செலவு. காலையில் பெட்டி கட்டி, மாத்திரை டப்பாவையும் சார்ஜரையும் தேடியெடுத்து, பதினோரு மணிக்கு அறையைக் காலிசெய்து, அடுத்த ஊரில் நாலு மணிக்குச் சாவி கிடைக்கும்வரை எல்லோரும் வண்டியிலும் வெயிலிலும் இருக்க வேண்டும். இருபத்தைந்து வயதில் அது தெரியாது. மூன்று தலைமுறை சேர்ந்து போகும்போது பயணம் நன்றாக அமைவதும் கெடுவதும் அந்த நேரத்தில்தான்.

நடைமுறையில் மூன்று வழிகள் உண்டு. லாஸ் வேகஸிலிருந்து ஒரு வட்டம். மோவாப் என்ற சின்ன ஊரில் தங்கி அங்கிருந்தே எல்லாம் பார்ப்பது. ஃபீனிக்ஸிலிருந்து வடக்கே ஏறிப் போவது.

வேகஸ் வட்டம்

எல்லோரும் செய்வது இதுதான், அதற்குக் காரணமும் இருக்கிறது. வேகஸுக்கு விமானக் கட்டணம் குறைவு, வாடகை கார் நிறையக் கிடைக்கும், வழியில் வரும் காட்சிகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. தூரக் கணக்கைப் பாருங்கள்: வேகஸிலிருந்து ஸயான் ஏறக்குறைய 160 மைல். ஸயானிலிருந்து பிரைஸ் கேன்யன் 85. பிரைஸிலிருந்து பேஜ் 150. பேஜிலிருந்து கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு 135. அங்கிருந்து வேகஸ் திரும்ப 280. மொத்தம் 800 மைலுக்கு மேல். கடைசி நாள் மட்டும் நாலரை மணி நேர ஓட்டம், அதுவும் விமானம் பிடிக்கும் பதற்றத்தோடு.

ஸயான் முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் நல்ல இடம். மற்றப் பூங்காக்களில் விளிம்பில் நின்று கீழே பார்ப்போம். இங்கே அடியில் நின்று அண்ணாந்து பார்க்கிறோம். வர்ஜின் ஆறு அறுத்த பள்ளத்தாக்கின் தரையில் நிழலும் தண்ணீரும் உண்டு. மார்ச்சிலிருந்து நவம்பர் வரை அந்தப் பள்ளத்தாக்குச் சாலையில் சொந்த வண்டிக்கு அனுமதி இல்லை, இலவச ஷட்டில் பஸ்தான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பார்க்கிங் தேடி அலைய வேண்டாம் என்பதால் பெரியவர்களுக்கு அது வசதியே. கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் ரிவர்சைடு வாக் என்ற நடைபாதை ஆற்றை ஒட்டியே போகும். போகவர இரண்டேகால் மைல், பெரும்பாலும் சமதரை. பாறைச் சுவரில் தண்ணீர் கசியும் இடங்களில் பாசியும் பெரணியும் தொங்கும். பாலைவனத்துக்கு வந்திருக்கிறோம் என்பதையே பாட்டி மறந்துவிடுவார். எங்கே உட்காரத் தோன்றுகிறதோ அங்கே உட்காரலாம், திரும்பலாம். இளையவர்கள் ஆசைப்படும் ஏஞ்சல்ஸ் லேண்டிங் ஏற்றத்துக்கு 2022 ஏப்ரலிலிருந்து குலுக்கல் முறையில் பெர்மிட். சிறு குழந்தைகளோடு, சங்கிலியைப் பிடித்து ஏறும் அந்தப் பாதைக்குப் போகவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

பிரைஸ் அழகில் குறைவானதல்ல. ஆயிரக்கணக்கான செந்தூண்கள் ஒரு பெரிய கிண்ணத்துக்குள் நெருக்கியடித்து நிற்கும். அதை ஆறு செதுக்கவில்லை. பகலில் உருகி இரவில் உறையும் தண்ணீர் பாறைப் பிளவுகளுக்குள் விரிந்து விரிந்து உடைத்தது. சன்ரைஸ் பாயின்டிலிருந்து சன்செட் பாயின்ட் வரை விளிம்பில் அரை மைல் தார்ப்பாதை, சக்கர நாற்காலியும் போகும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: விளிம்பின் உயரம் 8,000 அடியிலிருந்து 9,100 அடி வரை. கடல்மட்டத்தில் வாழ்ந்து பழகிய, இதயத்துக்கோ நுரையீரலுக்கோ மருந்து சாப்பிடுகிற பெரியவர்களுக்கு அங்கே முதல் நாள் மூச்சு வாங்கும். முன்கூட்டி அவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

பேஜ் ஊரில் இரண்டு ஈர்ப்புகள். ஆன்டிலோப் கேன்யன் நவஹோ மக்களின் நிலத்தில் இருக்கிறது. நவஹோ வழிகாட்டி இல்லாமல் உள்ளே போக முடியாது. அதில் மேல், கீழ் என்று இரு பகுதிகள். மேல் பகுதியில் மணல் தரையில் நடப்பதுதான் பெரும்பகுதி. கீழ்ப் பகுதியில் செங்குத்தான இரும்புப் படிகளும் ஏணிகளும் உண்டு. கீழ்ப் பகுதிக்குக் கட்டணம் குறைவு என்று பார்த்து ஆறு பேருக்கும் சேர்த்துச் சீட்டு வாங்கிவிட்டு, வாசலில் போய்த் தாத்தாவை மட்டும் வெளியே உட்காரவைப்பது யாருக்கும் நல்லதல்ல. மற்றது ஹார்ஸ்ஷூ பெண்ட்: கொலராடோ ஆறு குதிரை லாடம்போல் வளையும் இடம். போகவர ஒன்றரை மைல் நடை, நிழல் மிகக் குறைவு, கோடையில் காலை எட்டு மணிக்குள் முடித்துக்கொள்ளலாம்.

இந்த வட்டத்தை ஒழுங்காகச் செய்ய ஏழு இரவு வேண்டும்: ஸயானில் இரண்டு, பிரைஸில் ஒன்று, பேஜில் இரண்டு, தெற்கு விளிம்பில் இரண்டு. ஏழு இருந்தால் தாராளமாகப் போங்கள், மூன்றில் இதுவே முழுமையான பயணம். ஐந்துதான் இருக்கிறது என்றால் கிராண்ட் கேன்யனை விட்டுவிட்டு ஸயானில் மூன்று, பிரைஸில் இரண்டு என்று வைத்தால் மிக நிறைவாக இருக்கும். ஆனால் இவ்வளவு தூரம் வந்து கிராண்ட் கேன்யன் பார்க்காமல் போவதா என்று வீட்டில் கேட்பார்கள். கேட்பதில் நியாயமும் இருக்கிறது.

அப்போது சிலர் வேகஸிலிருந்து ஒரே நாளில் போய்வரலாமே என்று கிராண்ட் கேன்யன் வெஸ்ட்டைச் சொல்வார்கள். அது தேசியப் பூங்கா அல்ல. ஹுவாலபாய் பழங்குடியினரின் நிலம், அவர்களே நடத்துவது. 2007-ல் திறந்த கண்ணாடித் தரை ஸ்கைவாக் அங்கேதான் இருக்கிறது. தேசியப் பூங்கா பாஸ் அங்கே செல்லாது, ஆளுக்கு ஆள் கட்டணம். பழங்குடி மக்களுக்கு அதுவே வருமானம். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தெற்கு விளிம்பின் ஆழமும் அகலமும் மனதில் இருப்பவர்கள் அதற்கு மாற்றாக இதை நினைத்துப் போனால் திருப்தியாக இருக்காது. கண்ணாடிமேல் நிற்பதுதான் ஆசை என்றால் போகலாம்.

மோவாபில் முகாம்

சால்ட் லேக் சிட்டியில் இறங்கி நாலு மணி நேரம் தெற்கே ஓட்டினால் மோவாப். ஒரே ஹோட்டலில் நாலு இரவு தங்கலாம், பெட்டியை ஒரே தடவைதான் பிரிக்க வேண்டும் என்பது இதன் முதல் பலம். ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவின் வாசல் ஊரிலிருந்து பத்து நிமிடத்துக்குள். கேன்யன்லேண்ட்ஸின் ஐலண்ட் இன் த ஸ்கை பகுதி முக்கால் மணி நேரத்துக்குள். டெட் ஹார்ஸ் பாயின்ட் மாநிலப் பூங்கா போகும் வழியிலேயே. 2,000 அடி கீழே கொலராடோ ஆறு வளைந்து போவதை வண்டி நிறுத்தத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தே பார்த்துவிடலாம். காலையில் ஒரு சுற்று, மதியம் அறைக்கு வந்து சாப்பிட்டுத் தூக்கம், மாலையில் இன்னொரு சுற்று என்று நாளை இரண்டாகப் பிரிக்க மூன்று வழிகளில் இங்கேதான் எளிதாக முடியும். குழந்தைகளுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

ஆர்ச்சஸில் 2,000-க்கும் மேற்பட்ட இயற்கைப் பாறை வளைவுகள் இருக்கின்றன. எட்டு வயதிலிருந்து பதினான்கு வயது வரையிலான பிள்ளைகளுக்கு இது சொர்க்கம். விண்டோஸ் பகுதியும் டபுள் ஆர்ச்சும் குறுகிய நடைகள். சாண்ட் டியூன் ஆர்ச் இரண்டு பெரிய பாறைச் சுவர்களுக்கு இடையே நிழலில், மெல்லிய மணலில் இருக்கிறது. சின்னக் குழந்தைகள் அங்கே மணலில் உட்கார்ந்தால் எழுப்பிக் கூட்டிவருவது கஷ்டம். லேண்ட்ஸ்கேப் ஆர்ச் 306 அடி அகலம், நடுவில் நூலாக மெலிந்திருக்கும். 1991-ல் அதிலிருந்து பெரிய பாறைத் துண்டு ஒன்று விழுந்தது. இப்போது அடியில் போக விடுவதில்லை. வால் ஆர்ச் 2008-ல் ஒரே இரவில் சரிந்தே போயிற்று. நிலையாக நிற்பதுபோலத் தெரியும் பாறையும் நம் காலத்திலேயே மாறிக்கொண்டிருக்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

யூட்டா மாநில நம்பர் பிளேட்டில் இருக்கும் டெலிகேட் ஆர்ச்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், குடும்பங்கள் தடுமாறுவது அங்கேதான். போகவர மூன்று மைல், 480 அடி ஏற்றம். எண்ணாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் பாதையின் நடுவே ஒரே கல்லாகச் சாய்ந்து கிடக்கும் பாறைச் சரிவு வரும். மரம் கிடையாது, பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது, வெயில் மேலிருந்தும் அடிக்கும், பாறையிலிருந்தும் எழும்பும். மேலே போனதும் கடைசி இருநூறு கெஜம் பாறை ஓரத்தில் வெட்டிய விளிம்புப் பாதை. அதைத் திரும்பியதும்தான் வளைவு சட்டென்று முன்னால் நிற்கும். சூரியன் இறங்கும் நேரத்தில் அந்தச் செந்நிறத்தைப் பார்த்தவர்கள் ஏறியது வீண் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் இருட்டில் அதே சரிவில் இறங்க வேண்டும், ஆளுக்கொரு டார்ச் கட்டாயம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வேறு வழி இருக்கிறது: அதே சாலையில் இன்னும் ஒரு மைல் போனால் கீழ்ப் பார்வையிடம், நூறு கெஜம் சமதரை. அங்கிருந்து வளைவு தொலைவில் சிறிதாகத் தெரியும். ஒரு பைனாகுலர் எடுத்துப் போனால் பெரியவர்கள் அங்கிருந்தே மேலே நிற்கும் பேரப்பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடிக்கலாம்.

மோவாபின் குறை என்ன? ஜூலையில் பகல் வெப்பம் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும். ஸயானைப் போல் ஆற்றோர நிழல்நடை இல்லை, தெற்கு விளிம்பைப் போல் 7,000 அடிக் குளுமையும் இல்லை. நடக்க முடியாதவர்கள் வண்டியில் காத்திருக்கும் நேரம் அதிகமாகும். கிராண்ட் கேன்யன் இந்த வழியில் கிடையாது. அடம்பிடித்துச் சேர்த்தால் ஐந்தாறு மணி நேரம் ஓட்ட வேண்டும், மோவாபின் நிம்மதி அதோடு போயிற்று.

ஃபீனிக்ஸிலிருந்து வடக்கே

தாத்தா பாட்டி கூட வருகிறார்கள், ஆறு இரவு இருக்கிறது என்றால் நான் தயங்காமல் சொல்வது இந்த வழியை. செடோனாவில் இரண்டு, தெற்கு விளிம்பில் இரண்டு, பேஜில் ஒன்று, திரும்பும்போது ஃபிளாக்ஸ்டாஃபில் ஒன்று. ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டவேண்டியதே இல்லை. ஃபீனிக்ஸ் 1,100 அடி உயரத்தில், செடோனா 4,300 அடியில், தெற்கு விளிம்பு 7,000 அடியில். உடம்பு படிப்படியாக உயரத்துக்குப் பழகிவிடும். வேகஸ் வட்டத்தில் அடுத்தடுத்த நாட்களில் பிரைஸுக்கு ஏறுவதோடு ஒப்பிட்டால் இது பெரிய வித்தியாசம்.

ஃபீனிக்ஸிலிருந்து போகும் வழியில் மான்டெசுமா காஸில் வரும். சினாகுவா மக்கள் செங்குத்துச் சுண்ணாம்புப் பாறையின் குகைக்குள் ஐந்து அடுக்கில் இருபது அறைகளோடு கட்டிய குடியிருப்பு, பல நூற்றாண்டுகள் தாண்டி நிற்கிறது. மூன்றில் ஒரு மைல் தார்ப்பாதை, நிழல் மரங்கள், நெடுஞ்சாலையை விட்டு ஐந்து நிமிடம். பெரியவர்களுக்குக் காலை நீட்டி நடக்கவும் பிள்ளைகள் கேள்விகேட்கவும் தோதான இடம். செடோனாவில் செம்பாறைக் குன்றுகள் ஊருக்குள்ளேயே நிற்பதால் ஹோட்டல் வராந்தாவே பார்வையிடம். அங்கே ஆன்மிகச் சுழல் என்று விற்கப்படும் சுற்றுலாக்களுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம் என்பேன். ஓக் கிரீக் ஓடையில் குழந்தைகள் காலை நனைத்தால் போதும்.

ஆனால் இந்த வழியின் உயிர் தெற்கு விளிம்பில் தங்கும் இரண்டு இரவுகளில் இருக்கிறது. பகலில் வந்து மாதர் பாயின்ட் என்ற பார்வையிடத்தில் படம் எடுத்துக்கொண்டு மாலையில் போய்விடுகிறவர்கள் ஏராளம். நடுப்பகல் வெளிச்சத்தில் பள்ளத்தாக்கு தட்டையாகத் தெரியும், ஒட்டிவைத்த படம் போல. காலை ஆறு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் அதே இடத்தில் நிழல்கள் விழும்போதுதான் ஆழம் கண்ணுக்குப் புரியும். அந்த இரண்டு நேரமும் கிடைக்க வேண்டுமென்றால் பூங்காவுக்குள்ளோ, ஏழு மைல் தள்ளியிருக்கும் டுசாயனிலோ இரவு தங்கியாக வேண்டும்.

நடக்க முடியாதவர்களைப் பள்ளத்தாக்குக்கு அவ்வளவு அருகில் கொண்டுசேர்க்கும் இடம் இந்த நாட்டில் வேறு எங்கும் கிடையாது என்று நினைக்கிறேன். விளிம்பை ஒட்டிப் போகும் ரிம் ட்ரெயில் நடைபாதையின் பெரும்பகுதி தார்ப்பாதை. இலவச ஷட்டில் பஸ்களில் சக்கர நாற்காலி ஏறும். யாவபாய் புவியியல் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்தபடி பெரிய கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். அங்கிருந்து தொடங்கும் டிரெயில் ஆஃப் டைம் என்ற பாதையைக் குடும்பமாக நடக்கச் சொல்வேன். தரையில் பதித்த பித்தளைக் குறிகள் ஒரு மீட்டருக்குப் பத்து லட்சம் ஆண்டு என்று காலத்தை அளந்துகொண்டே போகின்றன. ஓரத்தில் பள்ளத்தாக்கின் ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் எடுத்துவந்த கற்களை, ஒரு பக்கம் மெருகேற்றி, தொட்டுப் பார்க்க வைத்திருக்கிறார்கள். நம் காலடியில் இருக்கும் மேல்மட்டக் கைபாப் சுண்ணாம்புக்கல்லுக்கு 27 கோடி வயது. ஆற்றை ஒட்டிய அடிமட்டப் பாறைக்கு 170 கோடிக்கு மேல். பேத்தி முன்னால் ஓடி எண்களைப் படிக்க, தாத்தா பின்னால் வந்து ஒவ்வொரு கல்லையும் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். மொழியும் வேகமும் வேறான இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் சுவாரசியமாக இருக்கும் இடம் சுற்றுலாவில் அபூர்வம்.

கிழக்கு ஓரத்தில் டெசர்ட் வியூ கோபுரம். மேரி கோல்ட்டர் என்ற பெண் கட்டடக் கலைஞர் 1932-ல் எழுப்பியது, 70 அடி உயரம்; உள்ளே ஹோப்பி ஓவியர் ஃபிரெட் கபோட்டியின் சுவரோவியங்கள். பேஜுக்குப் போகும் வழியிலேயே இருப்பதால் தனியாக ஒரு பயணம் தேவையில்லை. ஓட்டுகிறவருக்கு ஒரு நாள் ஓய்வு கொடுக்க வேண்டுமென்றால் வில்லியம்ஸ் ஊரில் வண்டியை நிறுத்திவிட்டு 1901-ல் தொடங்கிய கிராண்ட் கேன்யன் ரயிலில் விளிம்புக்கே போகலாம். இரண்டேகால் மணி நேரம், ரயில் பிரியமுள்ள குழந்தைகள் இருந்தால் வெகு பொருத்தம்.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்கிறேன். விளிம்பில் பல இடங்களில் கம்பித் தடுப்பு கிடையாது. பத்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளின் கையைப் பிடித்திருப்பது ஒரு பெரியவரின் முழுநேர வேலை. படம் எடுப்பது வேறொருவர் வேலை. பிரைட் ஏஞ்சல் பாதையில் கொஞ்ச தூரம் இறங்கிப் பார்க்கலாமே என்று தோன்றும். இறக்கம் எளிது, ஏறத்தான் இரண்டு பங்கு நேரம் ஆகும். கீழே போகப் போகச் சூடு கூடும். விளிம்பில் 80 டிகிரி இருக்கும்போது அடியில் 100-ஐத் தாண்டியிருக்கும். கோடையில் காலை பத்திலிருந்து மாலை நாலு வரை விளிம்புக்குக் கீழே இறங்காதீர்கள்.

பேஜில் ஒரு இரவு போதுமா, மோனுமென்ட் வேலியையும் சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். பேஜிலிருந்து இரண்டு மணி நேரத் தூரம், ஏழாவது இரவு இருந்தால் சேர்க்கலாம். அதுவும் நவஹோ மக்களின் பூங்கா. அவர்கள் தனிக் கட்டணம் வாங்குவார்கள். உள்ளே 17 மைல் மண்சாலை மேடும் பள்ளமுமாக இருக்கும், வாடகை கார் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் மண்சாலையைத் தடை செய்கின்றன. நவஹோ வழிகாட்டியின் ஜீப்பில் போவதே சரி. கழுத்துவலி, இடுப்புவலி உள்ளவர்கள் ஹோட்டல் மாடத்திலிருந்தே மூன்று பெரிய குன்றுகளையும் பார்த்துவிடலாம்.

எந்த மாதம், எந்த வண்டி, எவ்வளவு பணம்

ஏப்ரல், மே, செப்டம்பர் கடைசி, அக்டோபர் ஆகியவை எல்லா வழிக்கும் நல்ல காலம். பள்ளி விடுமுறை காரணமாக ஜூலை, ஆகஸ்டில்தான் போக முடியும் என்றால் அதுவே ஃபீனிக்ஸ் வழிக்கு இன்னொரு காரணம். ஃபீனிக்ஸ் நகரம் கொதிக்கும், ஆனால் அங்கே தங்கப் போவதில்லையே. விமான நிலையத்திலிருந்து நேராக மேலே ஏறிவிடலாம். கோடையில் இந்தப் பகுதிக்கும் பருவமழை உண்டு. காலையில் நீலவானம், மதியத்துக்கு மேல் இடியும் மின்னலும். விளிம்பில் நிற்கும்போது இடி கேட்டால் உடனே வண்டிக்கோ கட்டடத்துக்கோ போக வேண்டும். குறுகிய கேன்யன்களுக்குக் காலைச் சீட்டே வாங்குங்கள். 1997 ஆகஸ்ட் 12-ல் கீழ் ஆன்டிலோப் கேன்யனில் பதினோரு பேர் வெள்ளத்தில் இறந்தார்கள். மழை பெய்தது அங்கே அல்ல, பல மைல் தொலைவில் மேட்டுப்பகுதியில். வழிகாட்டி இன்று உள்ளே போகவேண்டாம் என்று சொன்னால் அதற்குமேல் பேச்சே கூடாது.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் போகிறவர்களுக்குத் தெற்கு விளிம்பு ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை, மற்ற மாதங்களில் பஸ்ஸுக்கு மட்டுமே விடும் ஹெர்மிட் சாலையில் சொந்த வண்டியில் போகலாம். பனி மூடிய செம்பாறை வேறொரு அழகு. வடக்கு விளிம்பு குளிர்காலத்தில் மூடிவிடும். அங்கிருந்த பழைய விடுதியும் 2025 ஜூலைக் காட்டுத்தீயில் எரிந்துபோனது. முதல்முறை போகும் குடும்பம் அதைத் திட்டத்திலேயே சேர்க்க வேண்டாம்.

ஆர்.வி. வண்டி ஆசை பலருக்கு உண்டு. சமையலறை கூடவே வருமே என்று தோன்றும். ஆனால் ஸயானின் கிழக்கு வாசலுக்குப் போகும் 1930-ஆம் ஆண்டுச் சுரங்கச் சாலை பெரிய வண்டிகளுக்காகக் கட்டியதல்ல. 11 அடி 4 அங்குல உயரத்தையோ 7 அடி 10 அங்குல அகலத்தையோ தாண்டும் வண்டிகளை 2026 ஜூனிலிருந்து அந்தச் சாலையில் விடுவதில்லை. வாடகைக்குக் கிடைக்கும் ஆர்.வி.களில் பெரும்பாலானவை இந்த அளவைத் தாண்டும், ஸயானிலிருந்து பிரைஸுக்குச் சுற்றித்தான் போக வேண்டும். மூன்று வழிக்கும் மினிவேன்தான் என் தேர்வு. தாழ்வான படி, சறுக்குக் கதவு, பெரியவர்கள் ஏறி இறங்க எளிது. ஒரு சின்ன எலக்ட்ரிக் குக்கரும் பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் இருந்தால் இரவுச் சாப்பாட்டுக் கவலை தீர்ந்தது. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தச் சின்ன ஊர்களில் தட்டில் வருவது பெரும்பாலும் சீஸும் உருளைக்கிழங்கும்தான். மளிகையை ஃபீனிக்ஸிலோ வேகஸிலோ வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் என்று கணக்கு வையுங்கள்.

பணக் கணக்கில் 2026 ஜனவரி முதல் ஒரு மாற்றம் வந்திருக்கிறது, ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கு நேரடியாகப் பொருந்துவது. அமெரிக்காவில் வசிப்பவர்களுக்குத் தேசியப் பூங்கா ஆண்டு பாஸ் முன்போலவே 80 டாலர். வசிக்காதவர்களுக்கு அது 250 டாலர். பாஸ் இல்லாமல் வரும் வெளிநாட்டவருக்குப் பதினோரு பெரிய பூங்காக்களில், பதினாறு வயதும் அதற்கு மேலும் ஆனால், வழக்கமான கட்டணத்தோடு ஆளுக்கு 100 டாலர் கூடுதல். கிராண்ட் கேன்யன், ஸயான், பிரைஸ் மூன்றும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆர்ச்சஸும் கேன்யன்லேண்ட்ஸும் இல்லை. செலவு ஒன்றையே பார்த்தால் மோவாப் முந்துகிறது. கிளம்புமுன் உங்கள் வண்டியில் வரும் ஒவ்வொருவருக்கும் எந்த விதி பொருந்தும் என்று பூங்கா இணையதளத்தில் படித்துவிடுங்கள். வாசலில் நின்று பேசித் தீர்க்கும் விஷயமல்ல.

ஆக, முதியவர்கள் உண்டு, கிராண்ட் கேன்யன் வேண்டும் என்றால் ஃபீனிக்ஸ். பிள்ளைகள் வளர்ந்தவர்கள், எல்லோரும் நடப்பார்கள், கோடை அல்லாத மாதம் என்றால் மோவாப். முழுதாக ஏழு இரவு கையில் இருந்து, ஓட்ட இரண்டு பேர் இருந்தால் வேகஸ் வட்டம். எதைத் தேர்ந்தாலும் முன்பதிவை விமானத்திலிருந்து தொடங்காதீர்கள். முதலில் தெற்கு விளிம்பிலோ, ஸயான் வாசலில் இருக்கும் ஸ்பிரிங்டேல் ஊரிலோ, மோவாபிலோ அறை கிடைக்கும் தேதியைப் பிடியுங்கள். பூங்காவுக்குள் இருக்கும் விடுதிகள் பல மாதம் முன்பே நிரம்பிவிடும். அதற்கடுத்து ஆன்டிலோப் சீட்டு. விமானமும் வண்டியும் கடைசியில். ஆன்டிலோப் சீட்டு வாங்கும்போது மணி விஷயத்தில் கவனம்: கோடையில் அரிசோனா கடிகாரத்தை மாற்றுவதில்லை, யூட்டா மாற்றும், அரிசோனாவுக்குள்ளேயே நவஹோ நிலம் மாற்றும். பேஜில் நின்றுகொண்டிருக்கும்போதே போன் எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அதற்கேற்ப ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காட்டும். சுற்றுலா நடத்துபவர்கள் பேஜ் ஊரின் அரிசோனா நேரத்தையே வைத்துக்கொள்கிறார்கள். அன்று ஒரு நாளாவது கையில் சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்று கட்டிக்கொள்ளுங்கள்.